ஷிப்மென்ட் எந்த நாளில் தவறுகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் 'ப்ராஜெக்ட் மேனேஜர்' என்று யாருக்கும் விசிட்டிங் கார்டு அடித்துத் தருவதில்லை. அந்த வேலையைச் செய்பவருக்கு இங்கே பெயர் மெர்ச்சண்டைசர். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் காலையில் இரண்டு போனோடு வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிற இளைஞர்களைப் பார்த்தால், அவர்களில் பலர் இந்த வேலைக்காரர்கள்தான். ஒரு போனில் சாயப்பட்டறை. இன்னொரு போனில் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து ஆர்டர் கொடுக்கும் பையர்.

இவருக்கு இருக்கிற அதிகாரத்தைக் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். நூல் தருகிற மில் இவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதில்லை. நிட்டிங்குக்கு ஒரு முதலாளி, சாயத்துக்கு இன்னொரு முதலாளி. காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி ஒவ்வொன்றும் வேறு வேறு கேட். தையல் மட்டும் சொந்தக் கம்பெனிக்குள் நடக்கும். அங்கேயும் புரொடக்‌ஷன் மேனேஜர் இவரைவிட அனுபவத்தில் இருபது வருடம் மூத்தவராக இருப்பார். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் உண்டு. ஆனால் திருப்பூரின் பெரும்பகுதி, வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. யாருக்கும் உத்தரவு போட முடியாத ஒருவர், பத்துப் பேரிடம் வேலை வாங்கி, குறித்த தேதியில் சரக்கைத் தூத்துக்குடி அனுப்ப வேண்டும். தவறினால் மட்டும் பொறுப்பு மொத்தமும் இவர் தலையில்.

முதலிபாளையத்தில் இதற்கென்றே கல்லூரி இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ. மெர்ச்சண்டைசிங் படித்துவிட்டு அங்கிருந்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர், அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை, போடத் தெரியும். அந்தக் காலண்டரில் பொய்யான தேதி எழுதப்படுவது எப்படி என்பதை முதல் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஷிப்மென்ட் கடைசி வாரத்தில் தவறுவதாகத்தான் எல்லோரும் பேசுகிறோம். "லாஸ்ட் மினிட்ல சொதப்பிருச்சுங்க" என்பது ஊரில் தினம் கேட்கும் பேச்சு. பெரும்பாலான ஆர்டர்களில் உண்மை வேறு. தவறிய நாள் மூன்றாவது வாரத்திலேயே வந்து போயிருக்கும். அன்றைக்கு ஒருவருக்கு அது தெரிந்தும் இருக்கும். அவர் சொல்லவில்லை, அல்லது சொல்ல விடப்படவில்லை.

பின்னாலிருந்து எண்ணுவது

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் கேட்டு வந்ததுதான் திருப்பூர் ஏற்றுமதியின் தொடக்கம் என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளை என்றால் வேலை எளிது. ஒரே நிறம், லேப் டிப் (பையரின் ஒப்புதலுக்குச் சாயமிட்டு அனுப்பும் மாதிரித் துண்டு) இல்லை, பிரின்ட் இல்லை. 1985-ல் ஏற்றுமதி 15 கோடி ரூபாய். 2024-25-ல் ஏறக்குறைய 40,000 கோடி. தொகையைவிட வேகமாக வளர்ந்தது சிக்கல். இன்று ஒரே ஆர்டரில் ஐந்து நிறம், ஆறு சைஸ், இரண்டு வகை பிரின்ட், நாட்டுக்கு ஒரு லேபிள்.

அதனால் காலண்டர் பின்னாலிருந்து எண்ணப்படுகிறது. கப்பலேறும் தேதி முதலில். அதிலிருந்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங், தையல், கட்டிங், துணி கைக்கு வரும் நாள், சாயம், நிட்டிங், நூல் புக்கிங் என்று தொண்ணூறு, நூற்றிருபது நாள் பின்னோக்கிப் போக வேண்டும். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும் என்று கண்டுபிடிக்கும் கணக்கை 1957-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனிக்காக உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு அதே மாதிரி ஒன்றைப் பயன்படுத்தியது. திருப்பூரில் அது எக்ஸெல் ஷீட்டாக இருக்கிறது. முடிந்த வேலைக்குப் பச்சை, தள்ளிப்போனதற்குச் சிவப்பு.

ஷீட்டில் குறை இல்லை. அதை நிரப்பும் முறையில்தான் குறை. மெர்ச்சண்டைசர் போன் போட்டு "எப்பங்ணா வரும்?" என்று கேட்கிறார். "நாளைக்கு வந்துருமுங்க" என்று பதில் வருகிறது. கட்டம் பச்சையாகிறது. நாளைக்கு என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, மரியாதைக்குச் சொன்னார். கேட்டவருக்கும் அது மரியாதைதான் என்று தெரியும். ஆனால் ஷீட்டுக்குத் தெரியாது.

அனுபவசாலிகள் தேதியைக் கேட்பதில்லை. "துணி இப்ப எந்த மிஷின்ல இருக்குங்க?" என்று கேட்பார்கள். மிஷினிலேயே ஏறவில்லை என்றால் நாளைக்கு வராது. இந்த ஒரு கேள்வி, எந்த மென்பொருளையும்விட நிறையத் தெரியப்படுத்தும்.

மஸ்டர்டு 80 கிலோ

கணக்குக்காக ஓர் ஆர்டர் எடுத்துக்கொள்வோம். 8,000 டி-ஷர்ட். வெள்ளை 3,000, நேவி 2,500, கறுப்பு 1,500, மெரூன் 600, மஸ்டர்டு மஞ்சள் 400. பீஸ் ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் துணி. மொத்தம் 1,600 கிலோ. பெரிய ஆர்டர் இல்லை. எந்தச் சாயப்பட்டறையும் எடுத்துக்கொள்ளும்.

ஆபத்து மொத்தத்தில் தெரியாது, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நேவி 500 கிலோ. ஒரு பெரிய மிஷினில் ஒரே லாட்டாகப் போய்விடும். மஸ்டர்டு 80 கிலோ. 80 கிலோவுக்காகப் பெரிய மிஷினை ஓட்டினால் பட்டறைக்காரருக்குத் தண்ணீர், நீராவி, சாயக்கழிவு சுத்திகரிப்புச் செலவு எதுவும் கட்டுப்படியாகாது. சின்ன மிஷின் காலியாகும் வரை துணி ஓரத்தில் கிடக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. லேப் டிப் அனுமதியும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நிறத்தில்தான் இழுக்கும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தில் சரியாக இருக்கிற மஞ்சள், கடை விளக்கில் பச்சை அடிக்கும். பையர் மறுபடியும் போடச் சொல்வார்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பையர் அசார்ட்டட் பேக்கிங் கேட்டிருந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து நிறமும் கலந்து போக வேண்டும். மஸ்டர்டு வராதவரை ஒரு பெட்டிகூட மூட முடியாது. 400 பீஸுக்காக 7,600 பீஸ் காத்திருக்கும்.

மூன்றாவது வாரத்தில் மஸ்டர்டு லேப் டிப் இரண்டாம் முறை திரும்பி வந்தபோதே மெர்ச்சண்டைசருக்கு இது புரிந்திருக்கும். அன்றைக்கே பையருக்கு எழுதினால் வழிகள் இருக்கின்றன: தனி நிறப் பேக்கிங்குக்கு மாற்றலாம், மற்ற நான்கு நிறத்தையும் கப்பலில் அனுப்பிவிட்டு மஸ்டர்டை மட்டும் பிறகு அனுப்பலாம், அல்லது பையரே நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். பையர் பக்கத்திலும் ஒரு காலண்டர் இருக்கிறது. அதில் நமக்குக் காட்டாத சில நாள் கையிருப்பும் இருக்கும். மூன்றாவது வாரத்தில் கேட்டால் அதைத் தருவார்கள். பதினோராவது வாரத்தில் கேட்டால் கடை ஜன்னலில் விளம்பரம் ஒட்டியாகிவிட்டது என்பார்கள்.

பதினோராவது வாரத்தில் மிஞ்சுவது விமானம். பீஸ் விலை 250 ரூபாய் என்று வைத்தால் ஆர்டர் மதிப்பு 20 லட்சம். லாபம் ஐந்து சதவிகிதம் நின்றால் ஒரு லட்சம். பெட்டியோடு பீஸுக்கு 225 கிராம் என்றால் மொத்தச் சரக்கு 1,800 கிலோ. கிலோவுக்கு 300 ரூபாய் விமானக் கூலி என்று வைத்துக்கொண்டால் 5 லட்சத்து 40 ஆயிரம். சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் செலவு முடியும் எஃப்ஓபி ஆர்டரில் கப்பல் கூலி பையருடையது. தாமதம் நம்முடையதாக இருந்தால் விமானக் கூலி நம் தலையில். முதலிலேயே பிரித்து அனுப்ப அனுமதி வாங்கி, மஸ்டர்டு 400 பீஸை மட்டும் விமானத்தில் ஏற்றியிருந்தால் 90 கிலோ, 27 ஆயிரம் ரூபாய். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருப்பது எழுதப்படாத ஒரே ஒரு மெயில்.

வெட்டலாமா, காத்திருக்கலாமா?

துணி வந்துவிட்டது. உற்பத்திக்கு முன் அனுப்பும் பிபி சாம்பிளுக்குப் பையரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கட்டிங் டேபிள் சும்மா கிடக்கிறது. டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். வேலை இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், போனால் திங்கட்கிழமை திரும்பி வருவார்கள் என்று நிச்சயம் இல்லை. வெட்டலாமா?

தைரியசாலி முதலாளி "வெட்டுப்பா, பார்த்துக்கலாம்" என்பார். பயந்த மெர்ச்சண்டைசர் ஐந்து நாள் காத்திருப்பார். இரண்டும் சூதாட்டம்தான். நல்ல கம்பெனிகளில் நடுவழி ஒன்று இருக்கிறது. முந்தைய சாம்பிளில் பையர் எதைக் குறை சொன்னார் என்று எடுத்துப் பார்ப்பார்கள். கழுத்து அகலம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கைப்பகுதியை வெட்டலாம், கழுத்து ரிப்பை வெட்டாமல் வைத்திருக்கலாம். உடம்பு நீளம் பிரச்சினை என்றால் எதையும் தொடக் கூடாது. துணியைத் துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் எந்தச் சூழ்நிலையிலும் வெட்டக் கூடாது. சுருக்கம் பார்க்க ஒரு நாள் போதும், பார்க்காமல் வெட்டிய துணியை ஒட்ட முடியாது. பிறகு பையருக்கு ஒரு மெயில்: "இன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் இந்தப் பகுதிகளை வெட்டத் தொடங்குகிறோம்." பதில் சீக்கிரம் வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. வராவிட்டாலும் பிறகு பணத்தைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் வரும்போது காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

நூல் விஷயத்திலும் இதே தலைவலிதான், இன்னும் பெரிய தொகையில். மில்கள் மாதந்தோறும் விலை அறிவிக்கின்றன. பையருக்கு விலை சொன்ன நாளுக்கும் ஆர்டர் கையெழுத்தாகும் நாளுக்கும் நடுவில் மூன்று வாரம் போனால், நடுவில் விலை மாறியிருக்கும். 2021, 2022-ல் ஒன்றரை வருடத்துக்குள் நூல் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2022 மே 16, 17 தேதிகளில் திருப்பூர் கதவடைத்துப் போராடியது. அதற்கு முந்தைய மாதமே மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவிகித வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தும் விலை அடங்கவில்லை. அந்த ஆண்டில் "இந்த விலை ஏழு நாளுக்கு மட்டும்" என்று மெயிலில் ஒரு வரி சேர்த்தவர்களுக்குப் பேரம் பேச இடம் இருந்தது. சேர்க்காதவர்கள் நஷ்டத்தில் தைத்துக் கொடுத்தார்கள்.

கடைசி வாரத்தின் இரண்டு பெரிய தப்புகள்

தையல் பின்தங்கினால் முதலில் தோன்றுவது, ஆள் கூட்டுவது. மென்பொருள் உலகில் பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு: தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். அவர் பார்த்தது ஐபிஎம் கம்ப்யூட்டர் திட்டம். ஆனால் பவர் டேபிள் லைனில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. புதிதாக வந்த டெய்லருக்கு ஸ்டைல் பழக இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அவருடைய ஆல்டரேஷன் பீஸ்களைச் சரிசெய்ய நல்ல டெய்லரின் நேரம் போகும். செக்கிங்கில் தேங்கும்.

தேங்கியது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வெடிக்கும். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள லாட்டில் வழக்கமான முறைப்படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கத்தக்க தர அளவான ஏக்யூஎல் 2.5 என்றால் பெரிய குறையுள்ள பீஸ் 10 வரை பாஸ். 11 என்றால் லாட் முழுவதும் ஃபெயில். தையல் விட்டுப்போன ஒரே ஒரு பீஸ் பத்தைப் பதினொன்றாக்கினால் போதும், 8,000 பீஸையும் பெட்டியிலிருந்து கொட்டித் திரும்பச் செக் செய்ய வேண்டும்.

இரண்டாவது தப்பு, பையருக்குச் சொல்லாமல் வெளியே தையலுக்குக் கொடுப்பது. ஜாப் ஒர்க் இல்லாமல் திருப்பூர் இல்லை. அது குற்றம் ஆகாது. ஒளித்துக் கொடுப்பதுதான் குற்றம். 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. மறுநாள் காலையில் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு, தங்களுக்குத் தெரியாத ஓர் இடத்தில் தங்கள் லேபிள் கிடப்பதைப் பையர்கள் மன்னிப்பதில்லை. மன்னிக்கவும் கூடாது. தாமதத்துக்கு டிஸ்கவுன்ட் கேட்பார்கள். ஒளித்ததற்கு ஆர்டரையே நிறுத்திவிடுவார்கள்.

காலண்டரில் இல்லாத தேதிகள்

தீபாவளி எல்லோருடைய காலண்டரிலும் இருக்கிறது. போனஸ் வாங்கிக்கொண்டு தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போவதும் அவர்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆவதும் தெரிந்த கதை. தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை எத்தனை ஷீட்டில் இருக்கிறது? லைனில் பாதிப் பேர் பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களாக இருக்கும் கம்பெனியில்கூடப் பல ஷீட்டுகளில் அது இல்லை. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, ஹோலி நேரத்தில் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. அப்போதுதான் பல கம்பெனிகளுக்குத் தங்கள் லைனில் யார் எந்த ஊர் என்ற பட்டியலே கையில் இல்லை என்று தெரிந்தது.

2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியை வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். ஊரே அதை இடி விழுந்தது போலப் பேசியது. அப்படிப் பேசுவது நியாயமில்லை என்றே சொல்ல வேண்டும். 2006-லேயே உயர்நீதிமன்றம் கழிவுநீர் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2009-ல் உச்சநீதிமன்றம் மூன்று மாதக் கெடு கொடுத்தது. நொய்யல் ஆற்று விவசாயிகள் அதற்கும் முன்பிருந்தே சாயக்கழிவு கலந்த ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்டம் நான்கு வருடம் சிவப்பாகவே இருந்தது. பார்த்தவர்கள் அதற்குப் பச்சை அடித்தார்கள்.

2025 ஆகஸ்ட் வேறு மாதிரி. ஆகஸ்ட் 6-ல் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட உத்தரவு, 27-ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குக்கு வழக்கமான வரிக்கு மேல் விதிக்கும் கூடுதல் வரியை 50 சதவிகிதம் ஆக்கியது. 27-க்கு முன் கப்பலேறிய சரக்குக்கு இந்த உயர்விலிருந்து விலக்கு என்றார்கள். ஆனால் செப்டம்பர் 17-க்குள் அங்கே இறங்கியிருக்க வேண்டும். செய்தியின் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் இரவும் பகலும் தைத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், பெரிய கப்பல் மாறி, செங்கடல் பிரச்சினையால் ஆப்பிரிக்காவைச் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர மூன்று வாரம் போதாது என்று கணக்குப் போட்டவர்கள், மறுநாளே பையரிடம் பேசினார்கள்: வரியை யார் எவ்வளவு ஏற்பது, எந்தச் சரக்கை நிறுத்திவைப்பது, எதை விமானத்தில் அனுப்புவது. ஆகஸ்ட் 7-ல் பேசியவருக்குக் கிடைத்த பங்கும் ஆகஸ்ட் 26-ல் பேசியவருக்குக் கிடைத்த பங்கும் ஒன்றாக இருக்க முடியாது.

யார் சொல்வது?

மெர்ச்சண்டைசர் ஏன் மூன்றாவது வாரத்திலேயே சொல்வதில்லை? சோம்பேறித்தனம் காரணம் இல்லை. சொன்னால் முதல் திட்டு அவருக்குத்தான். "பட்டறைக்கு நேர்ல போய் உக்காந்தியா?" என்று கேட்பார்கள். போய் உட்கார்ந்தால் மிஷின் காலியாகிவிடாது. இரண்டு நாள் பார்க்கலாம், சரியாகிவிடும் என்று தள்ளுவார். சில சமயம் சரியாகியும் விடும். அந்தச் சில சமயம்தான் பழக்கத்தைக் கெடுக்கிறது.

பையருக்கு எழுதும் மெயிலுக்கும் ஒரு முறை இருக்கிறது. மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பில் முடியும் மெயிலைப் படித்தால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும். என்ன நடந்தது என்று இரண்டு வரி. என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று மூன்று வரி. எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும் என்று ஒரு வரி. இப்படி எழுதத் தெரிந்த மெர்ச்சண்டைசரைப் பையர்கள் கம்பெனி மாறினாலும் தேடி வந்து ஆர்டர் கொடுக்கிறார்கள். முதலாளிகளுக்கு இது பிடிக்காது, ஆனாலும் நடக்கிறது.

முதலாளிகளிடம் கேட்பது பெரிய முதலீடு இல்லை. சின்ன லாட்டுக்குச் சாயப்பட்டறை கேட்கும் கூடுதல் கூலியைத் தானே ஒப்புக்கொள்ள, ஆர்டருக்கு ஒரு தொகை வரை மெர்ச்சண்டைசருக்கு அனுமதி கொடுங்கள். 80 கிலோவுக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் போகும், போகட்டும். அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் பச்சைக் கட்டங்களை விட்டுவிட்டு, முதலில் எது சிவப்பு என்று கேளுங்கள். அதைச் சொல்கிற பையனையோ பெண்ணையோ அன்றைக்கு மட்டுமாவது திட்டாதீர்கள்.